புதையல் தேட்டமும் மார்மன் சபையின் தோற்றமும்

மார்மன் சபையின் நிறுவனரான ஜோசப் ஸ்மித் (1805–1844) இளமையில் புதையல் தேடுவோருடன் தொடர்பு கொண்டிருந்தார். இவ்வுண்மையை இறையியல் மாணவர் எவ்வாறு மதிப்பிடுவது? இதுவே ஈண்டு நம் வினா.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க், வெர்மான்ட் மாநிலங்களின் சிற்றூர்களில் வாழ்ந்த எளிய மக்கள் பலர், நிலத்தினடியில் புதைந்த செல்வத்தை ஆவிகள் காக்கின்றன என்றும், கவைக்கோல், மந்திர வட்டம், காட்சி காணும் கல் ஆகியவற்றின் துணையால் அதனைக் கண்டெடுக்கலாம் என்றும் நம்பினர். இவர்களுட் பலர் திருமறையை வாசித்த புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்களே. ஸ்மித்தின் குடும்பமும் இச்சூழலிலேயே வாழ்ந்தது. 1822-இல் பால்மைரா அருகே கிணறு தோண்டுகையில் கிடைத்த கல்லொன்றைத் தொப்பிக்குள் இட்டு, அதில் முகம் புதைத்து நோக்கி, மறைபொருள்களைக் கூறுபவர் என அவர் பெயர் பெற்றார். 1825-இல் ஜோசையா ஸ்டோவெல் என்பவர் பென்சில்வேனியாவில் வெள்ளிச் சுரங்கம் தேட அவரை அமர்த்தினார், வெள்ளி கிடைக்கவில்லை. 1826-இல் அவர் பெயின்பிரிட்ஜில் நீதிபதிமுன் நிறுத்தப்பட்டார். அவரைக் ‘கண்ணாடி பார்ப்பவர்’ எனக் குறிக்கும் நீதிபதியின் கட்டணச் சீட்டு 1971-இல் கண்டெடுக்கப்பட்டது.

1827-இல், தேவதூதன் காட்டிய குன்றிலிருந்து பொற்றகடுகளைப் பெற்றதாக ஸ்மித் அறிவித்தார். அவற்றின் மொழிபெயர்ப்பெனப்பட்ட மார்மன் நூல் 1830-இல் வெளிவந்தது. இம்மொழிபெயர்ப்பிலும் தொப்பியும் கல்லும் பயன்பட்டன என உடனிருந்தோர் சான்று பகர்ந்தனர். அக்கல்லின் நிழற்படத்தை 2015-இல் அச்சபையே வெளியிட்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஸ்மித் வெள்ளைச் சாலமாண்டர் உருவிலிருந்த ஆவியொன்றைக் கண்டதாகக் கூறும் கடிதமொன்று 1984-இல் வெளிப்பட்டபோது பலர் அதனை மகிழ்வுடன் ஏற்றனர். அது மார்க் ஹாஃப்மன் புனைந்த போலி. தன் மோசடி வெளிப்படாதிருக்க அவர் 1985-இல் இருவரை வெடிகுண்டால் கொன்றார். பிற சபையாருக்கு விரோதமாகவும் பொய்ச்சாட்சி சொல்லலாகாது.

மேலும், கல்லைப் பயன்படுத்தினார் என்பதொன்றே தீர்ப்பாகிவிடாது. யோசேப்பின் பாத்திரமும் (ஆதி. 44:5), ஆசாரியனின் ஊரீம் தும்மீமும் (யாத். 28:30) நம் திருமறையிலேயே உள்ளன. ஆழ்ந்த வினா வேறு. புதையல் தேட்டத்தில் மறைபொருள் காட்சிக்காரருக்கு மட்டுமே புலனாகும். தோண்டியும் கிடைக்காவிடில் அது நழுவிச் சென்றது என்பர். பொற்றகடுகளைக் கண்டதாகப் பதினொருவர் கையொப்பமிட்டனர். எனினும் அவை தூதனிடம் திரும்பிச் சென்றன எனப்பட்டமையால், எவரும் சோதித்தறிய வழியில்லை. அப்போஸ்தலரோ, யாவரறிய நிகழ்ந்ததையே அறிவித்தனர் (அப். 26:26). ஆகவே ஸ்மித்தின் இளமையை இகழ்வதை விடுத்து, வெளிப்பாடு என்பது யாது என்று ஆராய்வதே ஆயருக்குத் தகும்.