‘உட்கார்ந்தா யாரும் வர மாட்டாங்க!’ - அயர்லாந்து பப்புக்குள் நுழையும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

வெள்ளிக்கிழமை சாயங்காலம். டப்ளினுக்குப் படிக்கப் போய் மூணு வாரமே ஆன என் தோழியை, வகுப்பில் கூடப் படிப்பவர்கள் ஒரு பப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் சரியான நேரத்துக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் வரவில்லை. ஓரமாக ஒரு டேபிளைப் பிடித்து உட்கார்ந்தாள்.

அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், இருபது நிமிஷம். பணியாளர் வந்தார், காலி கிளாஸை எடுத்தார், சிரித்தார், போய்விட்டார். ‘என்ன வேணும்’னு ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஆனால் பக்கத்து டேபிள்களில் எல்லாம் ஆவி பறக்கச் சாப்பாடு. “நம்ம கலரைப் பார்த்துட்டுத்தான் கண்டுக்காம போறாங்களோ?” என்று எனக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தது.

அடுத்த மெசேஜ் அஞ்சு நிமிஷம் கழித்து. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருத்தர், “இங்கே யாரும் வர மாட்டாங்கம்மா, நீதான் கவுன்ட்டருக்குப் போய்க் கேக்கணும்” என்று சொன்னாராம்.

சின்ன விஷயம்தான். ஆனால், அந்தப் பெரியவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், ‘இந்த ஊர் நமக்கானது இல்ல’ என்ற முடிவோடு அவள் ரூமுக்குத் திரும்பியிருப்பாள். படிக்கவும் வேலைக்கும் நம்மூரிலிருந்து அயர்லாந்து போகிறவர்கள் நிறைய. அவர்களில் பலருக்கு இது நடக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... இது குடிக்கச் சொல்கிற கட்டுரை இல்லை. குடிக்காதவர்களுக்குத்தான் இதில் விஷயம் அதிகம்!

பப் என்றால் டாஸ்மாக் பார் இல்லை

‘பார்’ என்றதும் நமக்கு ஒரு காட்சி வரும். இருட்டு, ஈரத் தரை, பிளாஸ்டிக் டம்ளர். அதை அழித்துவிடுங்கள். பப் என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். எல்லோருக்குமான வீடு. நம்மூர் டீக்கடை பெஞ்ச்சுக்கு என்ன வேலையோ, அந்த வேலையைத்தான் அங்கே பப் பார்க்கிறது. தாத்தா பேப்பர் படிப்பார், மேட்ச் ஓடும், இறுதிச் சடங்கு முடிந்து சொந்தபந்தம் சூப் குடிக்க வரும், ஞாயிற்றுக்கிழமை மதியம் குழந்தைகளோடு குடும்பமே சாப்பிடும். 2004 மார்ச் 29-ம் தேதியிலிருந்து பப்புக்குள் புகைபிடிக்கத் தடை. நாடு முழுக்க இப்படித் தடை கொண்டுவந்த முதல் தேசம் அயர்லாந்துதான்.

கவுன்ட்டர்தான் எல்லாமே

பெரும்பாலான பப்களில் குடிக்க எது வேண்டுமானாலும் கவுன்ட்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுத்து, நீங்களே தூக்கிக்கொண்டு வர வேண்டும். சாப்பாடு மட்டும் டேபிளுக்கு வரலாம். அதையும் சில இடங்களில் கவுன்ட்டரில்தான் சொல்ல வேண்டும். சந்தேகமாக இருந்தால், “சாப்பாட்டுக்கு இங்கே சொல்லணுமா, டேபிளுக்கு வருவீங்களா?” என்று கேட்டுவிடுவது உத்தமம்.

கவுன்ட்டரில் வரிசை இருக்காது, கூட்டமாகத்தான் நிற்பார்கள். பயப்பட வேண்டாம். யார் முதலில் வந்தார், யார் பின்னால் வந்தார் என்ற கணக்கு பார் பணியாளரின் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, அவர் பார்க்கும்போது பார்த்துச் சிரிப்பது மட்டும்தான். நோட்டை ஆட்டுவது, விரலைச் சொடுக்குவது, “ஹலோ பாஸ்” என்று கத்துவது... இதெல்லாம் செய்தால் உங்கள் முறை இன்னும் தள்ளித்தான் போகும்.

மொழியிலும் சில பொறிகள் இருக்கின்றன. பணியாளர் உங்களைப் பார்த்து “ஆர் யூ ஆல் ரைட் தேர்?” என்பார். உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கவில்லை. ‘என்ன வேணும்’ என்று அர்த்தம். “யெஸ், ஐயம் ஃபைன்” என்று சொன்னால் அடுத்தவரிடம் போய்விடுவார். ‘கிராண்ட்’ என்ற சொல்லும் அப்படித்தான். “இன்னொண்ணு வேணுமா?” என்பதற்கு “ஐயம் கிராண்ட்” என்றால் ‘வேண்டாம்’ என்று பொருள். ‘எ கிளாஸ்’ என்றால் அரை பைன்ட், அதாவது 284 மில்லி. முழு பைன்ட் 568 மில்லி. ‘மினரல்ஸ்’ என்று போட்டிருந்தால் மினரல் வாட்டர் என்று நினைத்துவிடாதீர்கள், கோக், ஆரஞ்சு மாதிரி கூல்டிரிங்க்ஸ் அது.

பாதி ஊத்திட்டு எங்க போறார்?

புதுசாகப் போகிறவர்களின் இன்னொரு புகார், “என் கிளாஸைப் பாதியில விட்டுட்டு அடுத்தவங்களைக் கவனிக்கப் போயிட்டார்” என்பது. அது அலட்சியம் இல்லை, முறை. கின்னஸை இரண்டு தவணையாகத்தான் ஊற்றுவார்கள். கிளாஸை 45 டிகிரி சாய்த்து முக்கால்வாசி நிரப்பி, அப்படியே வைத்துவிடுவார்கள். அதில் இருக்கும் நைட்ரஜன் குமிழிகள் அடங்கி, மேலே வெள்ளை நுரை ஏறியதும் மீதியை நிரப்புவார்கள். இதற்கு 119.5 விநாடி என்று நிறுவனமே கணக்குச் சொல்கிறது. ஏறத்தாழ 2 நிமிஷம். “சீக்கிரம் கொடுங்க” என்று கேட்பது, பாதி வெந்த சோற்றை வடிக்கச் சொல்வது மாதிரி.

சாப்பாடு: எதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்?

எல்லா பப்பிலும் சாப்பாடு கிடைக்காது. கிராமத்துப் பக்கம் சில பப்களில் சிப்ஸ் பாக்கெட் மட்டும்தான். அதை அங்கே ‘கிரிஸ்ப்ஸ்’ என்பார்கள்; ‘சிப்ஸ்’ என்றால் ஃபிரெஞ்ச் ஃபிரைஸ். 1954-ல் டப்ளினில் தொடங்கிய டெய்ட்டோவின் சீஸ் - வெங்காயம் ஃபிளேவர், அங்கே பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் பழக்கம். சாப்பாடு உண்டு என்றாலும் கிச்சனை ராத்திரி 9 மணி வாக்கில் மூடிவிடுவார்கள். நம்மூர் மாதிரி பத்தரைக்குப் போய் ‘என்ன சூடா இருக்கு’ என்று கேட்டால் பட்டினிதான்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு நான் கைகாட்டுவது சீஃபுட் சௌடர். மீனும் சிப்பியும் கிரீமில் வெந்த கெட்டியான சூப். கூடவே ஈஸ்ட் இல்லாமல் மோரும் சோடா மாவும் சேர்த்துச் சுட்ட பழுப்பு பிரெட், வெண்ணெய். குளிர் காலத்தில் உயிர் வரும். ஐரிஷ் ஸ்டியூ என்பது ஆட்டுக்கறி, உருளை, வெங்காயம் போட்ட குழம்பு. மிளகாய்த்தூளை எதிர்பார்க்காதீர்கள், நம் நாக்குக்கு முதல் நாள் பத்தியச் சாப்பாடு மாதிரித்தான் இருக்கும். டப்ளின்காரர்களின் ‘காடில்’, பன்றி சாஸேஜும் உருளையும் சேர்த்து வேகவைத்தது. பார்க்க வெளுத்துப்போய் இருக்கும், அவர்களுக்கு அது அம்மா சமையல். ‘பிளாக் புட்டிங்’ என்று பார்த்ததும் இனிப்பு என்று சொல்லிவிடாதீர்கள். பன்றி ரத்தத்தில் செய்யும் சாஸேஜ் அது.

இப்போது சைவர்கள் கவனிக்க. 14 வகை அலர்ஜிப் பொருள்களை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மெனுவில் ஒவ்வோர் உணவுக்கும் பக்கத்தில் சின்னச் சின்ன எண்கள் இருப்பது அதற்குத்தான். பால், முட்டை, மீன், கோதுமை எல்லாம் அந்தப் பட்டியலில் வந்துவிடும். ஆனால், கோழியும் மாடும் பன்றியும் அந்தப் பட்டியலில் இல்லை! அதனால் ‘வெஜிடபிள் சூப்’ என்று எழுதியிருந்தாலும், எண்களைப் பார்த்து அது சைவமா என்று கண்டுபிடிக்க முடியாது. “சூப்புக்குக் கோழி ஸ்டாக் சேர்க்கிறீங்களா?”, “சிப்ஸை மீன் பொரிச்ச எண்ணெய்லயே போடுறீங்களா?” என்று வாய் திறந்து கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சீஸ் டோஸ்ட்டியும், உருளையை மசித்து முட்டைகோஸோ கேல் கீரையோ கலக்கும் கோல்கேனனும் ஓரளவு பாதுகாப்பான தேர்வு.

‘ரவுண்டு’ வந்தா என்ன பண்றது?

மாணவர்களுக்குப் பர்ஸ் பதறும் இடம் இதுதான். நாலு பேர் போனால், ஒருவர் நாலு பேருக்கும் வாங்குவார். அடுத்து இன்னொருவர். இப்படிச் சுற்று வரும். ஒரு சுற்றில் வாங்கிக் குடித்துவிட்டு, உங்கள் முறை வரும்போது நழுவினால் அந்தப் பெயர் உங்களை விடாது. டப்ளினில் ஒரு பைன்ட் சாதாரணமாகவே 6 யூரோவை எட்டிவிடுகிறது. நாலு பேருக்கு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வழி இருக்கிறது. முதல் சுற்று தொடங்கும் முன்பே “நான் ரவுண்டுல இல்ல, எனக்கு நானே வாங்கிக்கறேன், சீக்கிரம் கிளம்பணும்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். ஆரம்பத்தில் சொன்னால் அது நாகரிகம், நடுவில் சொன்னால்தான் சங்கடம்.

குடிக்காதவரா? தலை குனியத் தேவையே இல்லை. குடியைத் தொட மாட்டேன் என்று உறுதி எடுத்தவர்களுக்காக 1898-லேயே ‘பயனியர்’ என்ற கத்தோலிக்கச் சங்கம் தொடங்கிய நாடு அது. சட்டையில் அதன் சின்னத்தைக் குத்திக்கொண்டு பப்பில் எலுமிச்சை சோடா குடிக்கும் பெரியவர்களை அந்த ஊர் பல தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. இப்போது ஆல்கஹால் இல்லாத கின்னஸ் 0.0-வும் நிறைய இடங்களில் கிடைக்கிறது. டீ கேட்டாலும் பல பப்களில் கொடுப்பார்கள். “ஒண்ணே ஒண்ணு” என்று யாராவது வற்புறுத்தினால், “நோ, ஐயம் கிராண்ட்” என்ற பதிலை மறக்காதீர்கள்.

விலையும் டிப்ஸும்

டெம்பிள் பார் பகுதியில் போட்டோ எடுங்கள், பாட்டு கேளுங்கள். தினமும் போகும் இடமாக அதை வைத்துக்கொண்டால் மாசக் கடைசியில் அழ வேண்டியிருக்கும். சுற்றுலாப் பயணிகளுக்கான விலை அது. வாசலிலேயே பானங்களின் விலைப்பட்டியல் வைக்க வேண்டும் என்பது சட்டம். உள்ளே போகும் முன் ஒரு நோட்டம் விடுங்கள்.

கவுன்ட்டரில் வாங்கும் பானத்துக்கு டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். டேபிளுக்கு வந்து சாப்பாடு பரிமாறினால், பிடித்திருந்தால் 10 சதவிகிதம் வைக்கலாம். கார்டில் கொடுக்கும் டிப்ஸ் முதலாளிக்குப் போகுமோ என்ற கவலை வேண்டாம். அது பணியாளர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்று 2022 டிசம்பர் 1-ம் தேதி முதல் சட்டம் அமலில் இருக்கிறது. பார்ட் டைமாக நீங்களே பப்பில் வேலைக்குச் சேரும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும்.

நிஜமாவே பாரபட்சம் காட்டினா?

‘எல்லாம் உங்க கற்பனை’ என்று சொல்லிக் கட்டுரையை முடிக்க மனசு வரவில்லை. யாரும் டேபிளுக்கு வராதது வழக்கம். ஆனால், கவுன்ட்டரில் உங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு உங்களை மட்டும் தொடர்ந்து தவிர்ப்பதும், காரணம் சொல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்புவதும் வழக்கம் இல்லை.

அதிகம் குடித்தவருக்கு, வயசுக்குச் சான்று காட்டாதவருக்குக் கொடுக்க மறுக்கலாம். குடிக்கும் வயது 18. கல்லூரி ஐடியைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள், பாஸ்போர்ட்தான் நிச்சயம். ஆனால், இனம், நிறம், மதம், பாலினம் போன்ற காரணங்களுக்காக மறுப்பது 2000-ம் ஆண்டின் சமநிலைச் சட்டப்படி குற்றம் சாட்டக்கூடியது. பப் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் என எல்லாவற்றையும் அன்றே போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஐரிஷ் மனித உரிமை மற்றும் சமத்துவ ஆணையம் இதில் வழிகாட்டும்.

இந்தச் சட்டத்துக்கு முன்னால் அங்கே பெண்களின் நிலைமையே வேறு. பெண்களுக்கு முழு பைன்ட் ஊற்ற மறுத்த பப்கள் இருந்தன. மறைவாக உட்கார ‘ஸ்னக்’ என்ற சின்ன அறை. 1970-களில் பத்திரிகையாளர் நெல் மெக்காஃபர்ட்டி, தோழிகள் கூட்டத்தோடு ஒரு பப்புக்குப் போய் எல்லோருக்கும் பிராந்தி வாங்கினார். கடைசியாக ஒரு பைன்ட் கேட்டார். மறுத்தார்கள். “அப்போ குடிச்சதுக்கும் காசு இல்ல” என்று எல்லோரும் கிளம்பிவிட்டார்கள் என்பது அங்கே இன்றும் சொல்லப்படும் கதை. ஸ்னக் இப்போதும் பழைய பப்களில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம்!

கடைசியா ஒண்ணு

மூலையில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஃபிடிலும் புல்லாங்குழலும் வாசித்தால், அது மேடைக் கச்சேரி இல்லை. அவர்கள் தங்களுக்காக வாசிப்பது. அந்த நாற்காலிகளில் உட்காராதீர்கள், முகத்துக்கு முன்னால் போனை நீட்டாதீர்கள். பாட்டு முடிந்ததும் கை தட்டுங்கள், போதும்.

என் தோழி இப்போது அதே பப்புக்குத்தான் போகிறாள். வாங்குவது சௌடரும் ஆரஞ்சு ஜூஸும். போன வாரம் அனுப்பிய மெசேஜ் இது: “புதுசா ஒரு பொண்ணு பத்து நிமிஷமா டேபிள்ல தனியா உட்கார்ந்திருந்தா. போய்ச் சொல்லிட்டு வந்தேன்.”