உங்களுக்குத் தெரியுமா? – ஹிட்லர் பறித்த முயல் பொம்மை

எழுத்தாளர் ஜூடித் கெர் எழுதிய 'வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்' (1971) நாவல் பிறக்கக் காரணம் ஒரு சினிமா! நாஜிகளிடமிருந்து ஒரு குடும்பம் தப்பும் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தைப் பார்த்த அவரது மகன், அம்மாவின் சிறுவயதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துவிட்டான். உண்மை வேறு. நாஜிகளைச் சாடிய யூத நாடக விமர்சகர் ஆல்ஃபிரட் கெர் என்பவரின் மகள் ஜூடித்; 1933-இல் குடும்பமே பெர்லினிலிருந்து தப்பியது. நாவலில் 9 வயது அன்னா, ஒரு பொம்மைதான் கொண்டுபோகலாம் என்றதும் புது நாய்பொம்மையை எடுத்துக்கொள்கிறாள். கண்ணாடிக் கண்கள் உதிர்ந்து, கறுப்பு நூலில் தைத்த கண்களோடு இருக்கும் பழைய முயலை விட்டுவிடுகிறாள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றுதான் நினைப்பு! கதை வதைமுகாமுக்குள் நுழைவதே இல்லை. ஆனாலும் ஜெர்மனியிலேயே தங்கிவிட்ட குடும்ப நண்பர் யூலியஸ் மாமாவின் முடிவு நெஞ்சை உலுக்கிவிடும். 1974-இல் இந்நூலுக்கு இளையோர் இலக்கிய விருது தந்தது, அதே ஜெர்மனி.