நெடுஞ்சாலையில் நடுங்கும் ஸ்டேரிங்: அலட்சியம் வேண்டாம்

தீபாவளி, பள்ளி விடுமுறை என்று வந்துவிட்டால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் குடும்பத்தோடு ஊர் திரும்பும் கார்கள்தான். வீட்டுப் பக்கம் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒழுங்காக ஓடிய கார், டோல் சாவடியைத் தாண்டி 90ஐத் தொட்டதும் ஸ்டேரிங்கை உதறத் தொடங்கும். 110இல் கை மரத்துப்போகும் அளவுக்கு நடுங்கும். பலர் வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்துவிடுகிறார்கள்.

பெரும்பாலான நேரங்களில் இது எளிதாகச் சரிசெய்யக்கூடிய கோளாறுதான். ஆனால், சில நேரங்களில் டயர் வெடிக்கப்போவதற்கும் சக்கரம் கழலப்போவதற்கும் இதே நடுக்கம்தான் முன்னறிவிப்பு. எது எந்த வகை என்று வாகனமோட்டிகள் அறிந்திருப்பது உயிர் காக்கும்; வீண் செலவையும் தவிர்க்கும்.

வேகத்தில் மட்டும் நடுங்குவது ஏன்?

சக்கரத்தின் எடை சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 30 கிராம் கூடினாலும் சுழலும்போது அது சக்கரத்தை வெளிப்பக்கமாக இழுக்கும். அந்த இழுவிசை வேகத்தின் இருமடி அளவில் வளரும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

15 அங்குல ரிம் கொண்ட சிறிய காரின் சக்கரம் 110 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 17 முறை சுழல்கிறது. ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது சுமார் 6 கிலோ எடை இழுப்பதற்குச் சமம். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இழுப்பு திசை மாறிக்கொண்டே இருப்பதால்தான் ஸ்டேரிங் உதறுகிறது. 55 கிலோமீட்டரில் இதே விசை கால் பங்குதான். அதனால் கைக்குத் தெரிவதில்லை.

அறிகுறியைக் கவனியுங்கள்

பட்டறைக்குப் போகும் முன்பே ஓட்டுநர் சிலவற்றைக் கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஸ்டேரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன்சக்கரங்களில் கோளாறு. இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரங்களைச் சந்தேகிக்கலாம்.

சீரான வேகத்தில், குறிப்பாக 80 முதல் 110 வரை நடுங்கினால் சக்கரத்தின் பேலன்சிங் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பிரேக் அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க் தேய்மானம் சீராக இல்லை என்று பொருள். டிஸ்க்கைக் கடைந்து சமப்படுத்தலாம். தயாரிப்பாளர் குறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போய்விட்டால் மாற்றுவதே வழி.

ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நடுங்கி, காலை எடுத்ததும் அடங்கினால் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம்.

நடுக்கத்தோடு ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும் கேட்டு, வளைவுகளில் அந்த இரைச்சல் கூடிக் குறைந்தால் சக்கர பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

பேலன்சிங் வேறு, அலைன்மெண்ட் வேறு

ஸ்டேரிங் நடுங்கினாலே அலைன்மெண்ட் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அலைன்மெண்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. அது தவறியிருந்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். டயரின் ஓரம் மட்டும் தேயும். பேலன்சிங் என்பது சக்கரத்தைக் கழற்றி இயந்திரத்தில் சுழற்றிப் பார்த்து, எடை குறைந்த இடத்தில் சிறு ஈயக் கட்டியையோ ஒட்டுக் கட்டியையோ பொருத்துவது. வேகத்தில் வரும் நடுக்கத்திற்கு முதல் மருந்து பேலன்சிங்தான்.

அதற்கும் முன்னால் ரிம்மின் உள்பக்கத்தைப் பார்ப்பது நல்லது. காய்ந்த சேறு ஒட்டியிருந்தாலோ, பழைய கட்டி விழுந்திருந்தாலோ அதுவே காரணமாக இருக்கலாம்.

பேலன்சிங் செய்தும் நிற்கவில்லையா?

சாலைக் குழியில் பலமாக விழுந்த சக்கரத்தின் ரிம் கோணியிருக்கலாம். பேலன்சிங் இயந்திரத்தில் சுழலும்போது ரிம்மின் விளிம்பு ஆடுகிறதா என்று பக்கத்தில் நின்று கண்ணாலேயே பார்க்கலாம். கட்டி போட்டு எடையைச் சமப்படுத்தினாலும் கோணல் ரிம் வேகத்தில் துள்ளத்தான் செய்யும்.

முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. நடுக்கம் ஸ்டேரிங்கை விட்டு இருக்கைக்கு மாறினால் கோளாறு டயரிலோ ரிம்மிலோ இருக்கிறது. இடம் மாறாமல் ஸ்டேரிங்கிலேயே நின்றால் டை ராட், பால் ஜாயிண்ட், லோவர் ஆர்ம் புஷ் போன்றவற்றில் தளர்ச்சி உள்ளதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

வெளியில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் ரிம் போட்டவர்கள், அதன் நடு ஓட்டை காரின் ஹப்போடு இறுக்கமாகப் பொருந்துகிறதா என்றும் கவனிக்க வேண்டும். இடைவெளி இருந்தால் அதற்கென உள்ள வளையத்தைப் பொருத்தினால் போதும்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

நடுக்கம் திடீரென்று தொடங்கினால், மெதுவாகப் போகும்போதும் சக்கரம் தள்ளாடினால், ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் பயணத்தைத் தொடரக்கூடாது. சக்கர நட்டுகள் தளர்ந்திருக்கலாம். அல்லது டயரின் உள்ளிருக்கும் கம்பி அடுக்கு பிரிந்து, வெளியே புடைப்பு தோன்றியிருக்கலாம். புடைத்த டயரை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

இந்நிலையில் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, அருகில் ஓய்விடம் இருந்தால் அங்கே ஒதுங்குவதே பாதுகாப்பு. முடியாவிட்டால் அவசரத் தடத்தில் நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டு, அனைவரும் இரும்புத் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும். பிளஸ் நெடுஞ்சாலையின் உதவி எண் 1-800-88-0000.

பயணத்திற்கு முன்

டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படி அதைப் பயன்படுத்தக்கூடாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பயன்படுத்திய டயர் வாங்குவோர் இதைப் பார்க்காமல் காசு கொடுக்கக்கூடாது.

பழைய கார் வாங்குவோரும் குடியிருப்புப் பகுதியில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திருப்தியடையக்கூடாது. நெடுஞ்சாலையில் 100ஐத் தாண்டி ஓட்டிப் பார்த்தால்தான் நடுக்கம் தெரியவரும்.

டயர் மாற்றினாலோ சக்கரத்தைக் கழற்றி மாட்டினாலோ ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மீண்டும் சரியான அளவில் இறுக்கச் சொல்ல வேண்டும். இந்த வேலைகளைக் கிளம்பும் நாளன்று காலையில் அல்லாமல் ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவிட்டால், குறை ஏதும் இருந்தால் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.