இறங்கும் நிலம்

1977-இல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தைப் பற்றிக் கேளுங்கள். வயலோரத்தில் ஒரு மின்கம்பம். அதன் அருகில் ஜோசப் போலண்ட் என்ற அமெரிக்க நிலவியல் அறிஞர் நிற்கிறார். கம்பத்தில் மூன்று பலகைகள். அடியில் 1977, அவர் தலைக்கு மேலே 1955, கம்பத்தின் உச்சிக்கு அருகில் 1925. அந்தந்த ஆண்டில் தரைமட்டம் இருந்த உயரத்தையே பலகைகள் காட்டுகின்றன. அதாவது, 52 ஆண்டுகளில் நிலம் ஏறத்தாழ 9 மீட்டர் கீழே இறங்கிவிட்டது!

இந்த இடம் கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், மெண்டோட்டா என்ற சிற்றூருக்கு அருகில் உள்ளது. கிழக்கே சியர்ரா நெவாடா மலைத்தொடர். மேற்கே கடலோர மலைகள். இடையில் வளமான வண்டல் சமவெளி. பாதாம், திராட்சை, தக்காளி, பருத்தி எல்லாம் இங்கே விளைகின்றன. மழை மட்டும் மிகக் குறைவு. எனவே 1920களிலிருந்து ஆழ்துளைக் கிணறுகளில் பம்பு வைத்து நீரை இறைத்தார்கள்.

நீரை எடுத்தால் நிலம் ஏன் இறங்க வேண்டும்?

பூமிக்கடியில் மணல் அடுக்குகளும் களிமண் அடுக்குகளும் மாறிமாறி உள்ளன. களிமண் துகள்கள் மிகச் சிறிய தட்டுகள் போன்றவை. அவை தாறுமாறாகக் கிடக்கும். இடையில் நீர் நிறைந்திருக்கும். மேலுள்ள மண்ணின் பாரத்தில் ஒரு பங்கை அந்த நீரின் அழுத்தமே தாங்குகிறது. நீர் வெளியேறினால் பாரம் முழுவதும் தட்டுகள்மேல் விழும். அவை சரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும்.

ஒரு சீட்டுக்கட்டைத் தாறுமாறாகக் குவித்து, உள்ளங்கையால் அழுத்துங்கள். கையை எடுத்த பின் குவியல் பழைய உயரத்துக்கு எழுகிறதா? எழுவதில்லை அல்லவா? களிமண்ணும் அப்படித்தான். பிறகு நல்ல மழை பெய்தாலும், அங்கே நீர் தங்கியிருந்த இடம் திரும்பக் கிடைக்காது.

பாதிப்பு யாருக்கு?

கால்வாய் நீர் வந்தபின் 1970களில் இறக்கம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் வறட்சியில் கால்வாய் நீர் குறையும்போதெல்லாம் மீண்டும் பம்புகள் ஓடின. 2014 வறட்சியில் ஈஸ்ட் போர்ட்டர்வில் என்ற சிற்றூரில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றின. பண்ணைக் கிணறுகள் ஆழமானவை; வீட்டுக் கிணறுகளோ ஆழமற்றவை. பண்ணைகளில் உழைக்கும் குடும்பங்களே குடிநீருக்குத் தவித்தன.

கார்க்கரன் என்ற ஊரின் கதை இன்னும் விந்தையானது. சுற்றுப்புறம் முழுவதும் சேர்ந்தே இறங்குவதால் சுவர்களில் பெரிதாக வெடிப்பு விழுவதில்லை. மக்களுக்கு இறக்கம் தெரிவதுமில்லை. ஆனால் ஊரைக் காக்கும் வெள்ளத்தடுப்புக் கரையும் கூடவே இறங்குகிறது! 2017-இல் கரையை உயர்த்தினார்கள். 2023-இல் அருகே வற்றிக் கிடந்த துலாரே ஏரியில் வெள்ளம் புகுந்தபோது, மறுபடியும் உயர்த்த வேண்டியதாயிற்று.

நிலத்தடி நீரை அளவோடு எடுப்பதற்காக 2014-இல் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. 2040-ஐ ஒட்டி அதன் இலக்கை எட்ட வேண்டும். படிந்துபோன களிமண் எழப்போவதில்லை. மேலும் படியாமல் தடுக்கலாம்.

உங்கள் ஊர்க் கிணற்றின் நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? பெரியவர் ஒருவர் துணையுடன், கயிற்றில் கல்லைக் கட்டி, மாதம் ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். ஓராண்டுக்குப் பின் வரைபடம் போட்டுப் பாருங்கள்: கோடு மழைக்குப் பின் பழைய மட்டத்துக்கு ஏறுகிறதா?