சூரியன் மறையாத மலையில் பூக் கணக்கு

ஆர்க்டிக் மலைகளில் கோடை என்பது சில வாரங்கள்தான். ஆண்டு முழுவதும் அதற்காகக் காத்திருந்து, கொசுக்கடியோடும் குளிரோடும் செடிகளை எண்ணப் போகிறது ஒரு கூட்டம்.

இரவு பதினொன்றரை மணி. நுவோல்யா மலைச்சரிவில் வெயில் சாய்வாக அடித்துக்கொண்டிருக்கிறது. இளம் ஆய்வாளர் ஒருவர் தரையில் குப்புறப் படுத்திருக்கிறார். மூக்குக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு சாண். அவருக்கு முன்னால் ஒரு சதுரச் சட்டம். அதில் குறுக்கும் நெடுக்குமாக நூல்கள். நூல்கள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கம்பியை இறக்கி, அது தொடும் செடியின் பெயரை லத்தீனில் உரக்கச் சொல்கிறார். பக்கத்தில் தொப்பியும் கொசுவலையுமாக உட்கார்ந்திருப்பவர் பென்சிலால் எழுதிக்கொள்கிறார். பேனா இங்கே உதவாது. மழை எப்போது வரும் என்று மலைக்கே தெரியாது.

இப்படி ஒரு சட்டத்துக்கு நூறு புள்ளிகள். நூறு முறை கம்பி, நூறு முறை பெயர். பிறகு அடுத்த சட்டம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தண்டனை போலத் தெரியலாம். ஆனால் ஒருமுறை வந்தவர்கள் மறுபடி வர இடம் தேடி அலைகிறார்கள்.

இடம் ஸ்வீடனின் வடக்கு மூலையில் உள்ள அபிஸ்கோ. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே சுமார் 200 கிலோமீட்டர். ஸ்டாக்ஹோமில் மாலை ரயில் ஏறினால் மறுநாள் கிருனா நகரத்தின் இரும்புச் சுரங்கங்களைத் தாண்டி, டோர்னெட்ரெஸ்க் ஏரிக்கரையில் இறங்கிவிடலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரும்புத்தாதுவை நார்வேயின் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை அது. கூடவே விஞ்ஞானிகளும் வந்தார்கள். 1903இல் பக்கத்து ஊரான வஸ்ஸியாவ்ரேயில் தொடங்கிய ஆய்வு நிலையம் 1910இல் தீக்கிரையாயிற்று. 1913இல் அபிஸ்கோவில் புதிதாக எழுந்தது. அன்றிலிருந்து வெப்பநிலையைக் குறித்து வருகிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீளும் அந்தப் பதிவேடுதான் நிலையத்தின் உண்மையான சொத்து.

மே இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை இங்கே சூரியன் மறைவதில்லை. முதல் வாரத்தில் புதியவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது. இரண்டாவது வாரத்தில் கடிகாரத்தையே மறந்துவிடுகிறார்கள். நள்ளிரவில் மலையேறி விடியற்காலையில் காபி குடிக்க இறங்குவதில் யாருக்கும் வியப்பில்லை. ஓடையில் குனிந்து அள்ளிக் குடிக்கலாம். வடிகட்டவோ காய்ச்சவோ யாரும் யோசிப்பதில்லை. மதியச் சாப்பாடு காய்ந்த ரொட்டி, சீஸ், பிளாஸ்க் காபி. ஆகஸ்டில் சதுப்பு நிலங்களில் பொன்னிறக் கிளவுட்பெர்ரி பழுக்கும்போது வேலை கொஞ்சம் மந்தமாவதை எந்தப் பேராசிரியரும் கண்டுகொள்வதில்லை.

கொசுக்கள்தான் வில்லன். பிர்ச் காட்டுக்குள் வாயைத் திறந்தால் இரண்டு மூன்று உள்ளே போய்விடும். மரங்களைத் தாண்டி மேலே ஏறினால் காற்று அவற்றை விரட்டிவிடும். ஆனால் அங்கே கூடு கட்டியிருக்கும் நீள்வால் ஸ்குவா பறவை தலையைக் குறிவைத்துப் பாய்கிறது. ஜூலையில் ஆலங்கட்டி மழையும் உண்டு. விரல் விறைத்துப்போனால் பென்சிலைப் பிடிக்க முடியாது; அக்குளில் கையைச் செருகி நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

இவ்வளவும் எதற்காக? அந்தச் செடிகளைப் பார்த்தால் புரியும். மலையுச்சியில் பெரும்பாலானவை கணுக்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. குட்டை வில்லோ என்பது மரம்தான். ஆனால் தண்டு மண்ணுக்குள் ஓட, வெளியே தெரிவது நாணயம் அளவு இலைகள் மட்டும். சைலீன் என்ற செடி பச்சை மெத்தை போலப் பாறையில் ஒட்டிக்கொண்டு, காற்றை ஏமாற்றி, உள்ளே வெதுவெதுப்பைச் சேமிக்கிறது. அதன் மேல் இளஞ்சிவப்புப் பூக்கள் கொட்டிக் கிடக்கின்றன. எட்டு இதழ் கொண்ட டிரையாஸ் பூ கிண்ணம்போல் விரிந்து சூரியனோடு சேர்ந்து திரும்புகிறது. அதன் நடுவே வெளிக்காற்றைவிடச் சற்று வெப்பம் கூடுதல். பூச்சிகள் அங்கே வந்து குளிர்காய்கின்றன. ஊதா நிறச் சாக்ஸிஃப்ரேஜ் பனி உருகிய கையோடு பூத்துவிடும். அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

இதே காட்சிகளுக்காகத்தான் 1732இல் ஓர் இருபத்தைந்து வயது இளைஞர் உப்சாலாவிலிருந்து குதிரையில் புறப்பட்டார். அவர் கார்ல் லின்னேயஸ். எல்லாச் செடிகளுக்கும் இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டியவர். லாப்லாந்து பயணத்தின் பயனாக 1737இல் அப்பகுதித் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். நீரோரத்தில் தலைகுனிந்து நின்ற ஒரு செடிக்கு, கிரேக்கக் கதையில் பாறையில் கட்டிவைக்கப்பட்ட ஆண்ட்ரோமீடாவின் பெயரை வைத்தார். பயணக் களைப்பிலும் அப்படி ஒரு ரசனை.

நம்மவர்களுக்கு இந்த மலை முற்றிலும் அன்னியமல்ல. இங்கே பனிக்கரையில் முளைக்கும் ஆக்ஸிரியா என்ற சிறு கீரை இமயமலையின் உயரங்களிலும் வளர்கிறது. சிறுநீரக வடிவ இலை. மென்றால் புளிச்சக்கீரை நினைவுக்கு வரும். மலையில் காய்கறி இல்லாத நாட்களில் களப்பணியாளர்கள் அதைத்தான் பறித்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள். விதையை நம்பாமல் தண்டிலேயே குட்டிக் கிழங்குகளை உருவாக்கி உதிர்க்கும் பிஸ்டோர்ட்டாவும் இரு இடங்களுக்கும் பொதுவானது. ஸ்வால்பார்ட் தீவில் 2008 முதல் ஹிமாத்ரி என்ற இந்திய ஆய்வு நிலையமும் இயங்குகிறது.

நுவோல்யாவில் நடக்கும் வேலைக்கு ஒரு முன்கதை உண்டு. 1917 முதல் 1919 வரை தோரே ஃப்ரீஸ் என்ற தாவரவியலாளர் இதே சரிவில் ஏறி இறங்கி, எந்தச் செடி எந்தத் தேதியில் துளிர்த்தது, பூத்தது என்று எழுதி வைத்தார். ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்த காலம். அவருடைய குறிப்புகள் 1925இல் அச்சாயின. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து உமியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே பாதையில் மறுபடி நடக்கத் தொடங்கினார்கள். ஏரிக்கரையிலிருந்து உச்சி வரை, கோடை முழுவதும், வாரத்தில் சில நாட்கள். ஃப்ரீஸ் விட்ட இடத்திலிருந்து கேள்வி தொடர்கிறது: பூ எப்போது வந்தது?

கேள்வி சிறியது, கவலை பெரியது. அபிஸ்கோவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பூஜ்யத்துக்குக் கீழேதான் இருந்தது. பிறகு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. பனி உறையும் இடத்தில் சராசரி பூஜ்யத்தைத் தாண்டுவது வெறும் எண் சமாச்சாரமல்ல. நிலத்தடி உறைபனி இளகுகிறது. உயரமான புதர்கள் மேலே ஏறிவருகின்றன. 2018இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, 117 ஆர்க்டிக், மலையிடங்களில் முப்பது ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்து, செடிகளின் சராசரி உயரம் கூடிவருவதாகச் சொன்னது. உயரமானவை வந்தால் நிழல் விழும். நிழலில் குட்டை வில்லோவால் பிழைக்க முடியாது. கீழே இருப்பவை மேலே நகரலாம். உச்சியில் இருப்பவை எங்கே போவது?

அபிஸ்கோவுக்கு மேற்கே, 981 மீட்டர் உயரத்தில் லாட்ன்யாயாவ்ரே என்ற ஏரிக்கரையில் இன்னொரு சிறு நிலையம். அங்கே செடிகளின் மேல் அறுகோணப் பெட்டிகள் நிற்கின்றன. ஒளி ஊடுருவும் சுவர், மேலே கூரை இல்லை. உள்ளே காற்று ஓரிரு டிகிரி சூடாகிறது. 1990இல் உருவான பன்னாட்டு டண்ட்ரா பரிசோதனையின் அடையாளச் சின்னமே இந்தப் பெட்டிதான். நாளைய கோடையை இன்றே சில சதுர மீட்டரில் வரவழைத்துப் பார்க்கும் யோசனை. கனடாவிலும் அலாஸ்காவிலும் இதே மாதிரிப் பெட்டி, இதே மாதிரிச் சட்டம். எல்லோரும் ஒரே முறையில் எண்ணுவதால்தான் ஒருவர் கணக்கை மற்றவர் கணக்கோடு கூட்ட முடிகிறது.

கலைமான்களுக்கு இதெல்லாம் தெரியாது. சாமி மக்களின் மந்தைகள் சட்டங்களின் குறுக்கே சாவகாசமாக நடந்து, அளக்க வேண்டிய செடியைத் தின்றுவிட்டுப் போகின்றன. லெம்மிங் எலிகள் பெருகும் ஆண்டில் நிலைமை இன்னும் மோசம். எண்ண வேண்டியதில் பாதி காணாமல் போயிருக்கும். அதையும் பதிவேட்டில் எழுதுகிறார்கள். மேய்ந்ததும் தரவுதானே.

ஆகஸ்ட் கடைசியில் சரிவு முழுவதும் சிவப்பாகிறது. குட்டைப் பிர்ச்சின் இலைகள் ரத்தச் சிவப்பு, வில்லோ மஞ்சள். உலர்ந்த இலைகள் பெயரெழுதிய காகித உறைகளில் அடுக்கப்படுகின்றன. கடைசி நாளில் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் அடித்த ஆணிகளை ஒருமுறை தட்டிப் பார்த்து, ஜிபிஎஸ் எண்களைச் சரிபார்த்துக்கொண்டு இறங்குகிறார்கள். சில வாரங்களில் எல்லாம் பனிக்குள் போய்விடும். அடுத்த ஜூனில், உருகும் பனியின் விளிம்பில் மண்டியிட்டு, அதே ஆணிகளைக் கையால் துழாவித் தேட வேண்டும்.