பிள்ளைகளை வாசலில் நிறுத்தச் சொன்ன கடிதம்



ஜெர்மன் மொழியில் ‘ஸ்டுண்ட’ என்றால் ஒரு மணி நேரம். தென் உக்ரைனில் குடியேறிய ஜெர்மானியர், வீடுகளில் ஒரு மணி நேரம் கூடி விவிலியம் வாசித்துச் செபிப்பார்கள். அவர்களிடம் வேலைக்குப் போன உக்ரைனிய விவசாயிகளும் அதில் உட்காரத் தொடங்கினார்கள். ‘ஸ்டுண்டிஸ்டுகள்’ என்ற பெயர் அப்படி வந்தது. அவர்களில் பலர் பின்னர் பாப்டிஸ்டுகள் ஆனார்கள். விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடுபவருக்கு மட்டுமே திருமுழுக்குத் தரும் சபை அது.

சார் ஆட்சியில் ரஷ்யர் என்றால் ஆர்த்தடாக்ஸ் சபையார் என்றே கொள்ளப்பட்டது. வேறு சபைக்குப் போனவரை நாட்டையே மறுத்தவராகப் பார்த்தார்கள். 1879-ல் பாப்டிஸ்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தரும் சட்டம் வந்தது. அது ஜெர்மானியருக்கு மட்டும்தான் என்று அதிகாரிகள் விளக்கம் சொல்லிவிட்டார்கள். 1894-ல் ஸ்டுண்டிஸ்டுகளை ‘மிக ஆபத்தான பிரிவினர்’ என்று அறிவித்து, செபக்கூட்டங்களையே தடைசெய்தார்கள். அப்போது ஆர்த்தடாக்ஸ் சபையின் ஆளும் மன்றத்தை அரசு சார்பில் நடத்தியவர் பொபெதோனோஸ்த்செவ். அவருடைய மேசையில் அரசு எது, திருச்சபை எது என்று பிரிப்பது கடினம்.

1905-ல் சற்று மூச்சுவிட முடிந்தது. பிறகு சோவியத் ஆட்சி. 1929 சட்டப்படி, பதிவு பெற்ற சபை மட்டுமே கூடலாம். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கூடாது.

ஆனால் பெரிய சோதனை 1960-ல் வந்தது. இம்முறை பதிவு பெற்ற பாப்டிஸ்ட் சங்கத்தின் தலைமையே, அரசின் நெருக்கடியால், போதகர்களுக்குக் கடிதம் எழுதியது: பிள்ளைகளை வழிபாட்டில் சேர்க்காதீர்கள், இளைஞருக்குத் திருமுழுக்குக் கொடுப்பதைக் குறையுங்கள். எழுதியவர்களைத் துரோகிகள் என்பது எளிது. ஸ்டாலின் காலத்தில் செபவீடுகள் பூட்டப்பட்டதைக் கண்டவர்கள் அவர்கள். சில கதவுகளாவது திறந்திருக்கட்டும் என்று எண்ணியிருக்கலாம். ஆனால் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிட்டால், அந்தக் கதவு யாருக்காகத் திறந்திருக்கும்?

1961-ல் சபை பிளந்தது. பதிவை மறுத்தவர்கள் வீடுகளிலும் காடுகளிலும் கூடினார்கள். சிறை நிரம்பியது. 1964-ல் கைதிகளின் குடும்பத்தார் ஒரு குழு அமைத்து, சிறைப்பட்டவர்களின் பெயர்களைத் தொகுத்து வெளியுலகுக்கு அறிவித்தார்கள். அதில் பெண்களே முன்னின்றார்கள். இரகசிய அச்சகமும் நடந்தது. 1974-ல் லாட்வியாவில் ஒரு பண்ணை வீட்டில் அது பிடிபட்டது. தலைவர்களில் ஒருவரான கியோர்கி வின்ஸ், 1979-ல் குடியுரிமை பறிக்கப்பட்டு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். சோவியத் உளவாளிகள் இருவருக்கு மாற்றாக விடப்பட்ட ஐவரில் அவரும் ஒருவர்.

பதிவை மறுக்கும் சபைகள் இன்றும் ரஷ்யாவில் உண்டு. மறைபரப்புப் பணிக்குக் கட்டுப்பாடு விதித்த 2016 சட்டத்திற்குப் பின், அவர்களில் பலர் அபராதம் விதிக்கப்பட்டு நீதிமன்றப் படியேறுகிறார்கள்.