விமானத்தில் தெளிக்கும் பனிநீக்கி மண்ணுக்குள் போனால் என்ன ஆகும்?

ஓஸ்லோவின் கார்டெர்மோன் விமான நிலையம் 1998-இல் திறக்கப்பட்டது. அடியில் மணல், மணலில் பெரியதொரு நிலத்தடி நீர்த்தேக்கம். வில்லங்கமான இடம்தான்!

குளிர்காலத்தில் இறக்கைகளில் படியும் பனியைக் கரைக்க, புரொப்பிலீன் கிளைக்கால் கரைசலைச் சூடாகப் பீய்ச்சுகிறார்கள். பெரும்பகுதியை அங்கேயே வடித்துச் சேகரித்துவிடுவார்கள். மீதி? விமானம் ஓடும்போது சிதறி, ஓடுபாதை ஓரத்துப் பனியில் தங்கிவிடுகிறது. வசந்தத்தில் பனி உருகும்போது மொத்தமாக மண்ணுக்குள் இறங்குகிறது.

மண்ணின் நுண்ணுயிர்களுக்கு கிளைக்கால் விருந்து. ஆனால் பந்தியில் இலை நிறையச் சோறு வைத்து, ஒரே ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால்? அந்தத் தண்ணீர்தான் ஆக்சிஜன். சட்டென்று தீர்ந்துவிடும்.

அப்புறம் கைக்குக் கிடைத்ததைத் தேடுவார்கள் அல்லவா? நுண்ணுயிர்களும் அப்படித்தான். முதலில் நைட்ரேட். அதுவும் போனால், மணல் துகளில் பூச்சாக ஒட்டியிருக்கும் மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள். இவற்றைப் பயன்படுத்தும்போது அந்த உலோகங்கள் கரைந்து நிலத்தடி நீரில் கலக்கின்றன.

சரி, பனிநீக்கியில் கலக்கும் கூட்டுப்பொருள்கள்? அளவில் சொற்பம், குணத்தில் முரடு. உலோகம் அரிக்காமலிருக்கச் சேர்க்கப்பட்டுவந்த பென்சோட்ரையசோலை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தியில் கறிவேப்பிலை போல நுண்ணுயிர்கள் அதை ஒதுக்கிவிடுகின்றன. எளிதில் சிதையாது, மண்ணில் அவ்வளவாக ஒட்டாமல் நீரோடு நகரும். செறிவு கூடினால் நுண்ணுயிர்களையே முடக்கும். கிளைக்கால் சிதைவதும் தாமதமாகும்.

போதாக்குறைக்கு, பனி உருகும் நேரத்தில் மண்ணும் சில்லிட்டிருக்கும். அந்தக் குளிரில் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே மந்தம்.